ஸ்நோ அபூர்வமான ஊரில் ஆல் சீசன் டயர் தேவையா?

பிரிஸ்டலில் ஸ்நோ விழுந்தால் பள்ளிக்கு விடுமுறை, வாட்ஸ்அப்பில் படம், மறுநாள் மதியத்துக்குள் தெருவெல்லாம் சகதி. அவ்வளவுதான். சில வருடம் அதுவும் கிடையாது. இங்கிலாந்தின் தென்மேற்கில், அட்லாண்டிக் காற்று படும் பக்கம் இருக்கிற ஊர். ஜனவரியில் பகலில் 8 டிகிரி, இரவில் 2 அல்லது 3. கோடையில் 22 வந்தால் எல்லோரும் பூங்காவில் படுத்துக் கிடப்பார்கள். குளிர்காலம் முழுக்க வானம் சாம்பல் நிறம், சாலை ஈரம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு குளிர்கால டயர் பற்றிப் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். சட்டமும் கேட்பதில்லை. பிரிட்டனில் குளிர்கால டயர் கட்டாயமே இல்லை. புது கார் பெரும்பாலும் சம்மர் டயரோடுதான், அதாவது சூட்டுக்காகச் செய்த சாதாரண டயரோடுதான் வரும். தன் வண்டியில் ஓடுவது சம்மர் டயர் என்றே பலருக்குத் தெரியாது. டயர் என்றால் டயர்.

எங்கள் வீட்டில் இரண்டு கார். ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டுக்கும் டயர் மாற்ற வேண்டி வந்தது. ஒன்றுக்கு ஆல் சீசன் (கோடைக்கும் குளிருக்கும் சேர்த்து ஒரே டயர்) போட்டோம், மற்றதுக்கு மறுபடியும் சம்மரே போட்டோம். ஒரே ஊர், ஒரே வானிலை, ஒரே வீட்டு வாசல், பிறகு ஏன் இரண்டு விதம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வானிலையை வைத்து நாங்கள் முடிவெடுக்கவில்லை. எந்த வண்டி எந்த நேரத்தில் ஓடியே ஆக வேண்டும் என்பதை வைத்து எடுத்தோம்.

மனைவி நர்ஸ். வார்டில் ஷிப்ட் காலை 7:30-க்கு ஆரம்பம். பார்க்கிங் கிடைத்து, உடை மாற்றி, இரவு ஷிப்ட்காரர்களிடம் பொறுப்பு வாங்க வேண்டும் என்றால் 6:30-க்கே வண்டியை எடுத்தாக வேண்டும். டிசம்பரில் இங்கே சூரியன் வருவதே 8 மணிக்கு மேல். அதாவது அவர் கிளம்பும் நேரம் கும்மிருட்டு; இரவெல்லாம் குளிர்ந்த சாலை இன்னும் சூடு காணாத நேரம். வீடோ டோட்டர்டவுன் பக்கத்து மேட்டில். இங்கிலாந்திலேயே செங்குத்தான குடியிருப்புத் தெரு என்று பேர் வாங்கிய வேல் ஸ்ட்ரீட் எங்களுக்கு நடக்கிற தூரம்தான். உறைபனிக் காலத்தில் அங்கே காரை விளக்குக் கம்பத்தோடு கயிறு போட்டுக் கட்டுவார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். எங்கள் தெரு அவ்வளவு மோசமில்லை. ஆனால் கவுன்சிலின் உப்பு வண்டி பெரிய சாலைகளிலும் பஸ் போகும் வழியிலும்தான் சாலை உறையாமல் இருக்க உப்பு தூவும். எங்கள் சரிவுக்கு அது வருவதில்லை. மெயின் ரோட்டைத் தொட்டுவிட்டால் கவலை இல்லை. அதற்கு முந்தைய சில நூறு மீட்டர்தான் பிரச்சினை.

என் கதை வேறு. பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. வாரத்தில் ஒருநாள் எம்4 நெடுஞ்சாலை பிடித்து ரெடிங் அலுவலகம் போவேன், அதுவும் காலை டிராபிக் குறைந்த பிறகு. வானிலை சரியில்லை என்றால் மேனேஜருக்கு ஒரு மெசேஜ், முடிந்தது. வார்டில் இருக்கிற நோயாளிகளுக்கு அப்படி மெசேஜ் போட முடியாது.

டயர் கடையில் எல்லோரும் சொல்வது 7 டிகிரி கணக்கு. வெளியே 7-க்குக் கீழே போனால் சம்மர் டயரின் ரப்பர் இறுகிவிடும், சாலையைப் பிடிக்காது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. சம்மர் டயரின் ரப்பர் கலவை சூட்டுக்காகச் செய்தது. குளிரில் அதன் நெகிழ்வு குறையும். குளிர்கால டயரிலும் ஆல் சீசனிலும் குளிரிலும் மென்மையாக இருக்கும் கலவை. அதோடு பட்டன்களின் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகளின்) மேல் பிளேடால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். அந்த விளிம்புகள்தான் ஸ்நோவைக் கவ்வுகின்றன. ஆனால் 7 டிகிரி என்பது சுவிட்ச் மாதிரி ஒன்றும் இல்லை. 8-இல் நன்றாக நின்ற வண்டி 6-இல் சறுக்கிக்கொண்டு போய்விடாது. நல்ல சம்மர் டயர் ஐந்தாறு டிகிரி ஈரச் சாலையில் மலிவான ஆல் சீசனைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும். பூஜ்ஜியத்தை நெருங்கி, அதற்கும் கீழே போய், தெருவில் வெள்ளை பூக்கும்போதுதான் ஆல் சீசன் காசுக்கு வேலை செய்கிறது.

அதனால் கடைக்காரர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு வேலை செய்தோம். காரின் டேஷ்போர்டில் வெளி வெப்பநிலை காட்டும் அல்லவா? ஒரு குளிர்காலம் முழுக்க, வண்டியை எடுக்கும் நேரத்தில் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் பார்த்து வந்தோம். நோட்டுப் போட்டுக் குறித்ததெல்லாம் இல்லை, கவனித்தோம், அவ்வளவுதான். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை அவர் கிளம்பும்போது 2, 3, 4 என்பது சாதாரணம். சாலை உறையலாம் என்று கார் பீப் போடும் காலைகளும் நிறைய. அதே நாளில் நான் பத்து மணிக்குக் கிளம்பினால் 8, 9 காட்டும். ஒரே தெருவில் இரண்டு பருவம்! டயர் மாற்ற யோசிப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். வானிலை இணையதளத்தில் ஊருக்கான சராசரியைப் பார்ப்பதைவிட உங்கள் டேஷ்போர்டு உண்மையைச் சொல்லும்.

டொராண்டோவில் இருக்கும் மைத்துனரிடம் போனில் பேசும்போது இது பற்றிச் சொன்னேன். "அத்தான், ஆல் சீசனா? அதைப் போட்டுக்கிட்டு ஸ்நோவில இறங்கினா நேரா அடுத்தவன் பம்பர்லதான் போய் நிப்பீங்க" என்றார். அவர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. வட அமெரிக்காவில் ஆல் சீசன் என்று விற்கும் டயர்களில் பெரும்பாலானவை குளிர்காலத் தேர்வு எழுதாதவை. பக்கவாட்டில் எம்+எஸ் என்ற எழுத்து இருக்கும். சேறும் ஸ்நோவும் என்று அர்த்தம். அதைப் பொறிக்க எந்தச் சோதனையும் வேண்டாம், டயர் செய்பவரே போட்டுக்கொள்ளலாம். ஐரோப்பாவில் நல்ல கம்பெனிகள் விற்கும் ஆல் சீசனில் அதற்கு மேல் ஒரு முத்திரை இருக்கும். மூன்று சிகரம் உள்ள மலை, அதன் நடுவில் ஒரு ஸ்நோ துகள். இறுகிய ஸ்நோவில் ஓட்டி, ஒப்பீட்டு டயரோடு வைத்துப் பார்த்துத் தேறினால்தான் அந்த மலை கிடைக்கும். அவர் ஊரில் இந்த ரகத்துக்கு ஆல் வெதர் என்று பெயர். நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு டயரைப் பற்றித்தான் அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம்.

கடையில் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் அந்த மலையைத் தேடுங்கள். இல்லை என்றால் வேண்டாம். ஐரோப்பாவுக்குள் காரில் போகிறவர்களுக்கு இது சட்டப் பிரச்சினையும்கூட. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து எம்+எஸ் மட்டும் உள்ள டயர் குளிர்கால டயர் கணக்கில் வராது. பிரான்ஸின் மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலை முத்திரை டயர் வேண்டும், இல்லையென்றால் சக்கரத்தில் மாட்டும் சங்கிலி வண்டியில் வைத்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி ஆல்ப்ஸ் பக்கம் போகிற நம் ஆட்கள் இப்போது நிறைய.

குளிர்காலத்துக்குத் தனி டயர் ஒரு செட் வாங்கி, நவம்பரில் மாற்றி, ஏப்ரலில் கழற்றுவது இன்னொரு வழி. ஜெர்மனிக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கழற்றிய செட்டை வைத்துக்கொள்ளக் கடைகளே இடம் தருகின்றன. எங்கள் வீடு வரிசை வீடு. கராஜ் இல்லை, ஷெட்டில் சைக்கிள் வைக்கவே இடமில்லை. நான்கு சக்கரத்தை ஹாலில் வைத்து அதன் மேல் கொலுவா வைக்க முடியும்? தவிர, முழுக் குளிர்கால டயர் இந்த ஊர் ஜனவரியின் 9 டிகிரி மழைப் பகலுக்கு ஏற்றதல்ல. அது மைனஸ் பத்தில் வாழும் ஆட்களுக்கு.

ஆக, ஆல் சீசன் என்று முடிவு. ஆனால் ஆல் சீசனிலும் எல்லாம் ஒன்றல்ல. சில கம்பெனிகளின் டயர் குளிர் பக்கம் சாய்ந்திருக்கும், சிலது கோடைப் பக்கம். 2015-இல் மிஷலின் கிராஸ்கிளைமேட் வந்தபோது, குளிர்காலச் சான்று வாங்கிய சம்மர் டயர் என்றே விளம்பரம் செய்தார்கள். எங்கள் மாதிரி மிதமான ஊருக்கு அந்தச் சாய்வுதான் சரி. வருடத்தில் ஸ்நோ நாள் மிகச் சில. மழை நாள் ஏராளம். அதனால் சோதனை முடிவுகளைப் படிக்கும்போது ஸ்நோவில் முதலிடம் யாருக்கு என்று நான் பார்க்கவில்லை, ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். ஜெர்மனியின் ஏடிஏசி என்ற கார் ஓட்டுநர் சங்கம் ஆண்டுதோறும் டயர் சோதனை வெளியிடுகிறது. கார் பத்திரிகைகளும் வெளியிடுகின்றன. டயரோடு வரும் லேபிளில் ஈரப் பிடிப்புக்கு ஏ, பி என்று தரம் இருக்கும். அது நல்ல வடிகட்டி. ஆனால் புது டயரை ஈரத் தரையில் நிறுத்திப் பார்த்துக் கொடுத்த மார்க் அது. தேய்ந்த பிறகு எப்படி, தேங்கிய தண்ணீரில் எப்படி என்று அது சொல்லாது. ஸ்நோ பற்றி மலைப் படம் மட்டும்தான் சொல்லும்.

எந்த பிராண்ட் வாங்கினேன் என்று எழுதப் போவதில்லை. ஒரே மாடல் 15 அங்குலத்தில் ஒரு மாதிரி, 18 அங்குலத்தில் ஒரு மாதிரி நடந்துகொள்கிறது. உங்கள் அளவில் செய்த சோதனையைத் தேடுங்கள். மனைவியின் காருக்கு 195/65 ஆர்15 91ஹெச். இதில் 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பது. ஹெச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. கார் கம்பெனி சொன்னதற்குக் கீழே இந்த இரண்டும் இறங்கக் கூடாது. எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்; பேட்டரி எடைக்கு எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும்) முத்திரை உள்ள டயர்தான் பல மாடல்களுக்கு வேண்டியிருக்கும்.

விலை அதே தரத்துச் சம்மரைவிட டயருக்குப் பத்துப் பதினைந்து பவுண்டு கூடத்தான் வந்தது. நான்கையும் மாற்ற வேண்டுமா என்றுதான் வீட்டில் விவாதம். முன் சக்கரம்தான் இழுக்கிறது, முன்னால் இரண்டு போட்டால் போதும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். அந்தக் கடைக்கு அப்புறம் நான் போகவில்லை. முன்னால் பிடிப்பு, பின்னால் வழுக்கல் என்று இருந்தால் இறக்கத்தில் வளைவில் பிரேக் மிதிக்கும்போது வண்டியின் வால் பக்கம் முன்னால் வரப் பார்க்கும். மேடு ஏறுவதற்கு இரண்டு போதும்தான். இறங்குவதற்கு நான்கும் வேண்டும். நான்கு வாங்கக் காசு இல்லையென்றால் நல்ல சம்மர் டயரே நான்கு போடுவது மேல். பழைய டயர் விற்கும் கடைகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். இங்கே பாதி தேய்ந்த டயரை விற்பது சட்டப்படி சரிதான், 2 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் போதும். ஆனால் அது எந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தது என்று யார் கண்டது?

நாங்கள் மாற்றியது அக்டோபர் முதல் வாரத்தில். நவம்பரில் முதல் உறைபனி விழுந்தவுடன் ஊரே டயர் கடையில் நிற்கும், வேண்டிய அளவும் இருக்காது. இந்த ரக டயர்களில் பல, பட்டன் அம்பு முனை போல் வி வடிவில் இருக்கும், ஒரு திசையில்தான் உருள வேண்டும். பக்கவாட்டில் ரொட்டேஷன் என்ற எழுத்தும் ஒரு அம்புக்குறியும் உண்டு. கடையில் பையன் வேகமாக வேலை செய்துகொண்டிருந்தான். மூன்று சரியாக மாட்டிவிட்டான். நான்காவதை, பின்பக்கம் இடதுபுறம், ஜாக்கியிலிருந்து இறக்கும் முன் குனிந்து பார்த்தேன். அம்பு பின்னோக்கிக் காட்டியது. சொன்னதும் ஒன்றும் பேசாமல் கழற்றி, ரிம்மிலிருந்து டயரைப் பிரித்துத் திருப்பிப் போட்டான். நீங்களும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான்கு அம்பும் காரின் மூக்கு நோக்கிச் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களையும் பாருங்கள். 3123 என்றால் 2023-இன் 31-ஆவது வாரத்தில் செய்த டயர்.

குளிர்காலத்தில் எப்படி இருந்தது? பெரும்பாலான நாள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஏமாற்றமாக இருக்கும். 4 டிகிரியில், மழையில், மெயின் ரோட்டில் அது சும்மா ஒரு டயர். வித்தியாசம் தெரிந்தது ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை. முந்தைய நாள் பெய்த அரை அங்குல ஸ்நோ இரவில் இறுகிக் கிடந்தது. எதிர்வீட்டு இளைஞர் தன் பெரிய ஜெர்மன் காரை மேட்டில் ஏற்றப் பார்த்தார்; பின் சக்கரம் அதே இடத்தில் விர்ரென்று சுற்றி ஸ்நோவைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டது. மனைவி எங்கள் சின்ன காரை இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்தார். முதலில் லேசாக ஒரு தடுமாற்றம், அப்புறம் நறநறவென்று கடித்துக்கொண்டு ஏறிவிட்டது.

ஆனால் மறுபக்கம் இறங்கும்போது, கீழே சந்திப்புக்குச் சற்று முன் நிழலில் கிடந்த ஒரு திட்டு வெறும் ஐஸ். பிரேக் மிதித்ததும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) தடதடவென்று காலில் அடித்தது, வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடைவேகத்தில் இறங்கியதால் கோட்டுக்கு முன் நின்றது. அன்று மாலை வந்து சொன்னார்: "ஏறினதும் தைரியம் வந்துடுச்சு, அதுதான் ஆபத்து." ஸ்நோ வேறு, ஐஸ் வேறு. கண்ணுக்குத் தெரியாத ஐஸ் மேல் ஆணி இல்லாத எந்த டயரும் பெரிதாக உதவாது. பிரிட்டனின் ஹைவே கோடு என்ற சாலை விதிப் புத்தகம் ஈரத்தில் நிற்கும் தூரம் இரட்டிப்பாகும் என்றும், ஐஸில் பத்து மடங்கு வரை போகலாம் என்றும் சொல்கிறது. டயர் மாற்றினால் அந்தப் பத்து கொஞ்சம் குறையலாம், இரண்டாகிவிடாது. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிக்காரர்களுக்கும் இதே பேச்சுதான்: நாலு சக்கரமும் இழுப்பது கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது.

பெரிய ஸ்நோவுக்காக டயர் வாங்குவது வீண் என்பது என் கருத்து. 2018 மார்ச் 1 அன்று பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆபீஸ் தென்மேற்கு இங்கிலாந்துக்கும் தெற்கு வேல்ஸுக்கும் ஸ்நோவுக்காகச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. அந்த மாதிரி நாளில் உங்களுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கும் லாரியை உங்கள் டயர் தாண்டாது. அன்றைக்கு எந்த டயர் போட்டிருந்தாலும் வீட்டில் இருப்பதுதான் புத்தி.

கோடையில் இழப்பு என்ன? இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஜூலையில் குழந்தைகள், பெட்டிகள், கூடாரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஏ30 சாலையில் கார்ன்வால் போனோம். 28 டிகிரி. வளைவுகளில் ஸ்டீயரிங் கொஞ்சம் குழைந்தது, சம்மர் டயரில் இருக்கும் அந்த நேர்த்தி இல்லை. உலர்ந்த சூடான சாலையில் அவசர பிரேக் பிடித்தால் சம்மர் டயரைவிடச் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். நெடுஞ்சாலையில் ஒரு மெல்லிய ரீங்காரமும் உண்டு. பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் மாதிரி ஊருக்குள் ஓடும் வண்டியில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வருடம் முழுக்க நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டுபவர், கோடையில் ஸ்பெயின் வரை போகிறவர் என்றால் இந்தக் கணக்கு மாறிவிடும். லண்டன் நடுவில், சமதளத்தில், உப்பு தூவும் சாலை ஓரத்தில் குடியிருந்து காலை ஒன்பதரைக்கு வண்டி எடுப்பவருக்கும் ஆல் சீசன் தேவை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காசில் இன்னும் நல்ல சம்மர் டயர் வாங்கலாம்.

டயர் எதுவானாலும் குளிர்காலத்தில் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்கிறோம். ஒன்று காற்று. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறையும். செப்டம்பரில் 20 டிகிரியில் காற்றுப் பிடித்த டயர் ஜனவரி காலையில் பூஜ்ஜியத்தில் மூன்று, நான்கு குறைவாகக் காட்டும். காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் பஞ்சர் என்று பதற வேண்டாம். ஆனால் காற்றுப் பிடிக்காமலும் விட வேண்டாம். இன்னொன்று பட்டன் ஆழம். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விடுகிறது, அதற்குக் கீழே போனால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளி. ஆல் சீசனை அதுவரை ஓட்டினால் வாங்கியதற்கே அர்த்தமில்லை. ஸ்நோவைக் கவ்வுகிற வேலை மொட்டையாவதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விடும். ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது குளிர்கால டயரே இல்லை என்பது சட்டம். மனைவியின் காருக்கு அந்த 4-ஐத்தான் நாங்களும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அக்டோபரிலும் அளப்போம். 4-க்குக் கீழே இருந்தால் குளிர்காலத்துக்கு முன்னால் புதுசு.

என் காரில் சம்மர் டயர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அலுவலகத்தில் வாரம் மூன்று நாள் வரச் சொல்லப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்று வந்தால் நானும் ஏழு மணிக்கு முன் இந்த மேட்டில் வண்டியை இறக்க வேண்டியிருக்கும். அப்படி வந்தால் அடுத்த முறை என் வண்டிக்கும் மலை முத்திரை தேடுவேன்.